பெரட்டின் கடைசிப் பேர்

வீட்டிலேயே படிக்கிற பிள்ளைக்கு எங்கிருந்து லீவு வரும் என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் என்னைக் கேலி செய்வார்கள். பள்ளிக்கூடத்துக்கே போகாத பிள்ளைக்குச் சித்திரை லீவு வேறு கேட்கிறதா என்பார்கள். கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். காலை ஒன்பது மணிக்கு அடுப்படி மேசையில் கொப்பியை விரித்துப்போட்டு, பகல் ஒரு மணி வரைக்கும் கணக்கும் தமிழும் வேதபாடமும் சொல்லிக்கொடுக்கிற தாயைக் கேட்டால் தெரியும், லீவு யாருக்கு வேண்டும் என்று.

எங்கள் தேயிலைத் தோட்டம் வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே இருக்கிறது. முருகன் கோயிலைத் தாண்டி, மூடிக்கிடக்கும் பழைய தேயிலை இஸ்டோருக்குப் போகிற வழியில், தகரக் கூரை போட்ட சின்ன ஜெபவீடு ஒன்று உண்டு. அதுதான் எங்கள் சபை. நோய்க்காலத்தில் பள்ளிக்கூடங்களை மூடியபோது, சபையில் ஐந்து குடும்பங்கள் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிப்பிக்க ஆரம்பித்தோம். மறுபடி திறந்த பிறகும் அனுப்பவில்லை. கர்த்தருடைய வார்த்தையில் பிள்ளைகளை வளர்க்க வேண்டும் என்று மற்ற நாலு குடும்பமும் சொன்னார்கள். நானும் அதையேதான் சொன்னேன். ஆனால் என் காரணம் வேறு. என் மகள் எஸ்தர் வீட்டு வாசலைத் தாண்டினால் வாய் திறக்கமாட்டாள்.

வீட்டுக்குள் அவள் சரியான வாயாடி. பூனையோடு பேசுவாள், என் தையல் மெஷினோடு பேசுவாள், அவளுடைய அப்பா ஆட்டோ ஓட்டிவிட்டு வந்து காலைக் கழுவும் வரைக்கும் கேள்வி கேட்டுக்கொண்டே பின்னால் நிற்பாள். வெளியே போனால் ஒரு வார்த்தை வராது. முதலாம் வகுப்பில் பேர் கூப்பிடும்போது பதில் சொல்லவில்லை என்று, கண்ணெதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு ஆறு நாள் வரவில்லை என்று போட்டுவிட்டார் டீச்சர். அதனால் யார் எது கேட்டாலும் நான்தான் அவளுக்காகப் பதில் சொல்வேன். கடைக்காரர் "என்னம்மா வேணும்?" என்று அவளைப் பார்த்துக் கேட்டால், அவள் உதட்டைப் பிரிக்கும் முன்னமே என் வாய் திறந்துவிடும். ஏழு வருடம் என் பிள்ளைக்கு நான் நாக்காக இருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. மறைப்பானேன்.

எஸ்தருக்கு ஏழு வயது நடந்த அந்த வருடம், சித்திரை லீவுக்கு முன்னால் பாஸ்டரம்மா போனில் இருந்து ஒரு பட்டியலை எழுதிக்கொண்டு வந்தார். எங்களைப் போலவே வீட்டில் பிள்ளைகளைப் படிப்பிக்கிற வெளிநாட்டுக் கிறிஸ்தவத் தாய்மார், கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு என்ன செய்யக் கொடுக்கலாம் என்று போட்ட பட்டியல். வீட்டுத் தோட்டத்துத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அந்தத் தண்ணீருக்குள் ஓட விடுங்கள், ஐஸ் கட்டியில் சாயம் சேர்த்துப் படம் கீறச் சொல்லுங்கள் என்று வரிசையாகப் போனது. நாங்களோ சித்திரையிலும் சுவெட்டர் போடுகிற ஆட்கள். பின்னேரம் மூன்று மணியானால் மழை வந்து கூரையில் உட்கார்ந்துவிடும். ஐஸ் கட்டியை வாசித்ததும் எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்காதவர் ஒருத்தர்தான். கடைசி வாங்கில் இருந்து எழுந்து வந்து, அந்தத் தாளை வாங்கி, பென்சிலால் இரண்டு வரிகளை வெட்டினார். ஒன்று, ஒளிந்து பிடிக்கிற விளையாட்டு. மற்றது, மோசேயின் நாணல் கூடையைச் செய்து ஓடையில் மிதக்க விடுவது.

"மத்தது எல்லாம் செய்யலாங்க" என்றார். "புள்ளைங்கள நான் பாத்துக்கிறேன்."

அவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அவருக்கு அப்போது ஐம்பது தாண்டியிருக்கும். ஜெபவீட்டுக்குப் பின்னால் ஒற்றை அறைக் காம்பராவில் தனியாக இருந்தார். கூட்டுவது, துடைப்பது, பூட்டுவது எல்லாம் அவர் வேலை. வயது வித்தியாசம் இல்லாமல் எங்கள் எல்லாருக்கும் அவர் அக்கா. எனக்கும் அக்கா, என் மகளுக்கும் அக்கா. வட்டவளைப் பக்கம் ஏதோ ஒரு தோட்டத்தில் இருந்து வந்தவர் என்பது மட்டும்தான் தெரியும். காப்பி நிறச் சுவெட்டர், முழங்கால் வரைக்கும் ரப்பர் சப்பாத்து, கையில் ஒரு நீளக் கொப்பி. இந்த மூன்றும் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை.

அக்காவுக்கு ஒரு குணம். கண்ணை நம்பமாட்டார்.

ஜெபவீட்டைப் பூட்டும் முன் உள்ளே பார்ப்பார். மூன்று வாங்கும் ஒரு மேசையும் உள்ள இடத்தில் யார் ஒளிந்திருக்க முடியும்? அப்படியும் கதவில் நின்று, "யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்பார். பத்து வரை எண்ணுகிற நேரம் காத்திருப்பார். பிறகுதான் சாவி போடுவார். அவர் காம்பராக் கதவை நான் போய்த் தட்டினால், ஜன்னலால் என்னைப் பார்த்துவிட்டும் "யாருங்க?" என்பார்.

"நான்தான் அக்கா. பாக்குறீங்கல்ல?"

"பாத்தா போதாதுங்க தங்கச்சி. சத்தம் வரணும்."

ஒருமுறை நுவரெலியாவில் ஒரு கூட்டத்துக்கு வேன் பிடித்துப் போனோம். திரும்பும் நேரம் அக்கா வேன் கதவில் நின்றுகொண்டு ஒவ்வொருத்தராகப் பேர் கூப்பிட்டார். எங்கள் சபையில் காது கேட்காத தாத்தா ஒருவர் இருந்தார். அவர் முன் சீட்டில் உட்கார்ந்து பணிஸ் தின்றுகொண்டிருந்தார். அவர் வாயில் இருந்து சத்தம் வரும் வரைக்கும் அக்கா வேனை எடுக்க விடவில்லை. சிங்கள டிரைவர் ஹார்ன் அடித்துப் பார்த்தார். கடைசியில் பாஸ்டரே எட்டித் தாத்தாவின் விலாவில் கிள்ளினார். தாத்தா போட்ட சத்தத்தில் வேனே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. கொப்பியில் ஒரு சரி போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

அதே தாத்தா செத்தபோதுதான் எனக்கு முதல் தடவையாக அக்காவைப் பார்த்துப் பயம் வந்தது. பெட்டியை மூடும் நேரம் அக்கா கிட்டப் போய்க் குனிந்து, அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். மெல்ல இல்லை. தூரத்தில் போகிறவரைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டார். அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் அழுகையை நிறுத்திவிட்டார்கள். அக்கா காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். பிறகு நிமிர்ந்து, "சரிங்க, இப்ப மூடலாம்" என்றார். அவரை யாரும் ஏசவில்லை. ஆனால் ஆணி அடிக்க வந்தவரும் ஒருதரம் குனிந்து காது கொடுத்துவிட்டுத்தான் சுத்தியலை எடுத்தார்.

இப்படிப்பட்டவர் கையில்தான் பதினொரு பிள்ளைகளையும் பத்து நாளைக்கு ஒப்படைத்தோம். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். ஐஸ் கட்டிக்குப் பதிலாகப் பீட்ரூட்டை வெட்டிச் சாயம் எடுத்துப் படம் கீறினார்கள். மட்டைப் பெட்டியில் நோவாவின் பேழை செய்து, எங்கள் லயத்துப் பூனைக்குட்டிகளை அதில் ஏற்றினார்கள். வேதத்தில் எரிகோ மதிலைச் சுற்றி விழுத்திய மாதிரி பழைய இஸ்டோரை ஏழு தரம் சுற்றி வந்து, ஏழாம் சுற்றில் தகரத்தைத் தட்டிக் கூச்சல் போட்டார்கள். இஸ்டோர் விழவில்லை. தோட்டத்தை மேற்பார்க்கிற கண்டாக்குதான் ஓடி வந்து ஏசிவிட்டுப் போனார்.

எதைச் செய்தாலும் அதற்கு முன்னும் பின்னும் அக்கா பெரட்டு வைப்பார். காலையில் வேலைக்குப் போகிறவர்களை நிறுத்தி வைத்துப் பேர் கூப்பிடுவதைத்தான் தோட்டத்தில் பெரட்டு என்போம். பிள்ளைகளுக்கு அது பெரிய விளையாட்டாக இருந்தது. பேர் கூப்பிடும்போது அக்கா யாரையும் பார்க்கமாட்டார். தலையைக் குனிந்து கொப்பியைப் பார்த்துக்கொண்டு, வலது காதை மட்டும் பிள்ளைகள் பக்கம் திருப்பிக்கொள்வார். "இருக்கேங்க" என்று வாயால் சொல்ல வேண்டும். கை தூக்கினால் செல்லாது. ஒருத்தருக்காக இன்னொருத்தர் சொல்லவே கூடாது. ஜோசுவா என்ற பையன் ஒருநாள் தம்பிக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டான் என்று, அன்று பூராவும் அவனோடு அக்கா பேசவில்லை.

பதினொரு பேரும் முடிந்ததும் பன்னிரண்டாவதாக ஒரு பேர் கூப்பிடுவார்.

"தங்கேஸ்வரி."

அந்தப் பேரில் எங்கள் பிள்ளைகள் யாரும் இல்லை. சபையிலும் இல்லை. முதல் நாள் பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா பத்து வரை எண்ணுகிற நேரம் நின்றார், அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டார், கொப்பியை மூடினார். மூன்றாம் நாளைக்கெல்லாம் பிள்ளைகளுக்கும் பழகிவிட்டது. அந்தப் பேர் வந்ததும் தானாகவே சத்தம் அடங்கிவிடும். சாராள் என்ற சின்னவள் மட்டும் ஒருநாள், "தங்கேஸ்வரி வீடு ரொம்ப தூரமா அக்கா?" என்று கேட்டாளாம். "தெரியலம்மா" என்று சொன்னாராம் அக்கா.

இதில் என் பிள்ளையின் பாடுதான் கஷ்டமாகிவிட்டது. முதல் நாள் மூன்று மணிக்கு நான் கூட்டிப்போகப் போனேன். பதில் சொன்ன பிள்ளைகள் எல்லாரும் போய்விட்டார்கள். எஸ்தர் மட்டும் வாங்கில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அக்கா கொப்பியோடு நின்றார்.

"எஸ்தர்" என்று கூப்பிட்டார்.

"இந்தா இருக்காளே அக்கா" என்றேன் நான்.

"நீங்க சொல்லக்கூடாதுங்க தங்கச்சி."

கோபம் வந்துவிட்டது எனக்கு. பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். அக்கா தடுக்கவில்லை. பின்னாலேயே வந்தார். லயத்து வாசல் வரை வந்தவரை, சரி, வந்த ஆள் என்று தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் தண்ணீர் எடுக்கக் குடத்தோடு வெளியே வந்தபோதுதான் பார்த்தேன். எங்கள் காம்பராச் சுவரை ஒட்டிய தண்ணீர்ப் பீலிக்கரையில், தூறலில், தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். உள்ளே எஸ்தர் பூனைக்கு நோவா கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அக்கா கொப்பியைத் திறந்து சரி போட்டார்.

குடத்தைப் பீலிக்கு அடியில் வைத்துவிட்டுச் சண்டைக்குப் போனேன்.

"என்னக்கா இது? எம்புள்ளைக்கு என்ன பேயா புடிச்சிருக்கு? சுவத்துல காத வச்சுக் கேக்குறீங்க!"

அக்கா சாக்கை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான் புள்ளைமடுவத்துல ஆயாவா இருந்தேங்க" என்றார். கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. "இருவது வருசத்துக்கு முந்தி. ஒரு நா நல்ல மழ. தாய்மாருங்க எல்லாம் ஒண்ணா வந்து நின்னுக்கிட்டு அவசரப்படுறாங்க. நான் பேர கூப்பிட்டுக் கூப்பிட்டு புள்ளைய குடுக்கிறேன். தங்கேஸ்வரின்னு கூப்பிட்டேன். யாரோ ஒரு பொம்பள, 'ஆ, இருக்கா இருக்கா'ன்னாங்க. நான் சரி போட்டுட்டேன்."

"பொறகு?"

"புள்ள அங்க இல்லைங்க. அம்மாவ தேடி மலைக்குப் போயிருச்சு. நாலு வயசு. ஆத்துல தண்ணி பெருகிக் கெடக்கு. மூணு நா தேடுனாங்க. ஒண்ணுமே கெடைக்கல."

பீலியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. என் குடம் நிறைந்து வழிந்ததைக் கூட நான் கவனிக்கவில்லை.

"செத்துப்போச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. யாரும் பாக்கலியே. நான் கூப்பிட்டு அது இன்னும் பதில் சொல்லல. அது வரைக்கும் பேர வெட்ட முடியாதுங்க."

அதற்குப் பிறகு என்ன சண்டை பிடிப்பது? மறுநாளில் இருந்து பீலிக்கரைப் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்தேன். எஸ்தரை அதற்குக் கிட்ட உட்கார வைத்துப் பேச்சுக் கொடுத்தேன். ஜன்னல் கம்பிக்கு ஊடாக ஒரு கோப்பை தேத்தண்ணியை நீட்டுவேன். அக்கா வாங்கிக் குடித்துவிட்டு, சரி போட்டுவிட்டு, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போவார். என் பிள்ளையின் சத்தத்தைக் கேட்பதற்காக மழையில் நின்ற ஆள் இந்த உலகத்தில் அவர் ஒருத்தர்தான். அவர் மேல் எனக்கு அவ்வளவு அன்பு வந்தது. அப்படியே ஒன்பதாம் நாளும் போனது.

பத்தாம் நாள், பட்டியலின் கடைசி யோசனை. வசனப் புதையல். பதினொரு பால்மா டின்களில் ஒவ்வொரு வசனமும் ஒரு டொபியும் போட்டு, ஜெபவீட்டுக்கு மேலே உள்ள தேயிலைக்குள் ஒளித்து வைத்தார்கள். ஒளிவது டின்தானே, பிள்ளை இல்லையே என்று அக்காவும் சம்மதித்தார். கடைசி நாள் என்பதால் தாய்மாரும் போயிருந்தோம். மூன்று மணிக்கு வர வேண்டிய பனிமூட்டம் அன்று இரண்டு மணிக்கே இறங்கிவிட்டது. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பத்தடியில் நின்ற பாஸ்டரம்மாவின் சிவப்புச் சுவெட்டர் எனக்குத் தெரியவில்லை. தேயிலைக்குள் பிள்ளைகள் எங்கே என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை.

அக்கா பதறவில்லை. பாதையில் நின்று கொப்பியைத் திறந்தார்.

"ஜோசுவா."

"இருக்கேங்க!" என்று கீழ்ப்பக்கத்தில் இருந்து சத்தம் வந்தது.

"சாராள்."

"இருக்கேங்க!"

ஒன்றன்பின் ஒன்றாகப் பத்துக் குரல்கள், பத்துப் பக்கத்தில் இருந்து வந்தன. "எஸ்தர்" என்று கூப்பிட்டபோது ஒன்றும் வரவில்லை. "எஸ்தரு, எங்க புள்ள இருக்க?" என்று நான் கத்தப் போனேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். இன்னும் ஒரு பேர் இருந்தது.

"தங்கேஸ்வரி."

மேல் பக்கத்துத் தேயிலைக்குள் இருந்து, தெளிவாக, ஒரு பிள்ளைக் குரல் சொன்னது.

"இருக்கேங்க."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். என் வீட்டுக்குள் ஏழு வருடமாகக் கேட்ட குரல். வாசலுக்கு வெளியே அது வந்தது அன்றுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்தது. அக்காவும் ஒன்பது நாள் சுவருக்கு வெளியே நின்று கேட்ட குரல்தான் அது. ஆனால் அந்தப் பேருக்குப் பதிலாக வந்தபோது, அவர் காதில் அது வேறு யாருடைய குரலாகவோ ஆகிவிட்டது.

முதலில் அவர் கொப்பியில் சரி போட்டார். பென்சில் தாளைக் கிழித்துவிட்டது. பிறகு, "அங்கனயே நில்லும்மா, அசையாத, நான் வாறேன், நான் வாறேன்" என்று சொல்லிக்கொண்டே தேயிலைக்குள் ஏறினார். நானும் பின்னால் ஓடினேன். ஒரு டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எஸ்தர் நின்றாள். அக்கா அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் பார்த்தார். பக்கத்துச் செடிகளை விலக்கிப் பார்த்தார். பிறகு கொப்பியைப் பார்த்தார். பதினோராவது கட்டம் காலியாக இருந்தது.

"எஸ்தர்!" என்று அவளுடைய தலைக்கு மேலாக, பனிமூட்டத்தைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"அக்கா, இந்தா எஸ்தர். உங்க முன்னாலதானே நிக்கிறா!"

"பாத்தா போதாதுங்க தங்கச்சி" என்றார். முகத்தில் அப்படி ஒரு பயம். "தங்கேஸ்வரி வந்துருச்சு. எஸ்தர காணோம்."

எஸ்தரின் உதடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பாஸ்டரம்மா வந்து அக்காவின் கையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போனார். ஜெபம் பண்ணினார்கள். அக்கா கண்ணை மூடவில்லை. காதைத் திருப்பிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

பின்னேரம் ஐந்து மணிக்கு வழக்கம் போலப் பீலிக்கரைக்கு வந்தார். நல்ல மழை. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு எஸ்தரைப் பேசச் சொன்னேன். வீட்டுக்குள் வாய் ஓயாத பிள்ளை, அன்று வீட்டுக்குள்ளும் பேசவில்லை. ஏதோ பெரிய தப்புச் செய்துவிட்டோம் என்று பயந்து தையல் மெஷினுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"ஒரே ஒரு வார்த்த சொல்லு கண்ணு. அக்கா மழையில நிக்கிறாங்க."

கெஞ்சிப் பார்த்தேன். அடிக்கக் கையை ஓங்கிப் பார்த்தேன். முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வெளியே "எஸ்தர்... எஸ்தர்..." என்று சத்தம் கேட்டது. லயத்தில் எல்லாரும் வாசலுக்கு வந்து நின்று பார்த்தார்கள். முதலில் பீலிக்கரையில் இருந்து கேட்டது. பிறகு தண்ணீர் ஓடுகிற கான் ஓரமாகக் கேட்டது. பிறகு ஆற்றுக்கு இறங்குகிற பாதையில் இருந்து கேட்டது. ஆறு அன்று பெருகித்தான் கிடந்தது.

அப்போது நான் ஒன்று செய்தேன். யோசித்துச் செய்ததா, பயத்தில் செய்ததா என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் நின்று, தொண்டையைச் சுருக்கி, என் மகளுடைய குரலில் கத்தினேன்.

"இருக்கேங்க!"

கூப்பிடுகிற சத்தம் நின்றது. ரப்பர் சப்பாத்து சேற்றில் அழுந்தி அழுந்தி வருவது கேட்டது. கதவுக்கு வெளியே வந்து நின்றது. நான் கதவைத் திறக்கவில்லை. உள் பக்கமாகச் சாய்ந்துகொண்டு நின்றேன்.

"நீங்க சொல்லக்கூடாதுங்க தங்கச்சி" என்றார் அக்கா.

அவ்வளவுதான். கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் குரலில் கோபமே இல்லை. இருபது வருடத்துக்கு முன்னால் மழையில் நின்று "இருக்கா இருக்கா" என்று சொன்ன அந்தப் பெண்ணிடம் பேசுகிற மாதிரி இருந்தது. சப்பாத்துச் சத்தம் திரும்பிப் போனது.

மறுநாள் காலையில் ஜெபவீடு பூட்டாமல் கிடந்தது. அப்படிக் கிடந்தது அதுதான் முதல் தடவை. காம்பராவில் அவருடைய பை இல்லை. நீளக் கொப்பி மட்டும் வாங்கில் இருந்தது. வட்டகொடை ஸ்டேஷனில் காலை ரயிலுக்கு நின்றதைப் பார்த்தோம் என்று ஒருத்தர் சொன்னார். பதுளைப் பக்கம் போனார் என்றார்கள், கொழும்புப் பக்கம் என்றார்கள். ஸ்டேஷனில் நின்றது வேறு ஆள் என்றும் சொன்னார்கள். பாஸ்டர் பொலிஸில் போய்ச் சொன்னார். ஆற்றோரமாகவும் தேடினார்கள். ஒன்றுமே கிடைக்கவில்லை.

கொப்பியில் கடைசியாக எழுதியிருந்த பக்கத்தைப் பார்த்தேன். தங்கேஸ்வரிக்கு நேராகத் தாளைக் கிழித்துக்கொண்டு ஒரு சரி. எஸ்தருக்கு நேராகக் காலிக் கட்டம்.

எஸ்தர் இரண்டு மாதம் கழித்துத்தான் அதைப் பற்றிப் பேசினாள். நான் தைத்துக்கொண்டிருந்தேன். தானாக வந்து பக்கத்தில் நின்றாள்.

"அந்தப் பேருக்கு யாருமே பதில் சொல்லலம்மா. அக்கா பாவமில்லையா? அதான் சொன்னேன்."

"உம்பேருக்கு ஏன் புள்ள சொல்லல?"

"எம்பேருக்குத்தான் நீங்க இருக்கீங்களே" என்றாள்.

மெஷினை நிறுத்தினேன். அன்றிலிருந்து வாயை மூடப் பழகினேன். அவளை யாராவது ஏதாவது கேட்டால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். கடையில் வரிசையே நின்று முணுமுணுக்கும். கடைக்காரர் என்னைப் பார்ப்பார். நான் பருப்பு மூட்டையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு வருடமும் சில மாதமும் ஆனது, அவள் வாயில் இருந்து "ஒரு ராத்தல் பாண்" என்று வருவதற்கு. அன்று இரவு அந்தப் பாண் ரொட்டியை நான்தான் துண்டு போட்டேன். அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டியவர் இல்லையே என்று அழுதேன்.

இப்போது எஸ்தருக்குப் பன்னிரண்டு வயது. இந்தச் சித்திரை லீவுக்கும் பாஸ்டரம்மா போனில் இருந்து புதுப் பட்டியல் ஒன்று எடுத்து வந்தார். பெரிய பிள்ளைகள் சின்னவர்களைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒப்படைத்தார். எஸ்தர் அந்த நீளக் கொப்பியில் மிச்சம் இருந்த பக்கங்களில் கோடு போட்டாள். பட்டியலை வாங்கி இரண்டு வரியை வெட்டினாள். எந்த இரண்டு என்று நான் கேட்கவில்லை.

முதல் நாள் பின்னேரம் நான் போனபோது பெரட்டு நடந்துகொண்டிருந்தது. பதினான்கு பிள்ளைகளும் பதில் சொன்னார்கள். தங்கேஸ்வரி என்ற பேரை அவள் கூப்பிடவில்லை. அதற்கு நேராகத்தான் சரி விழுந்துவிட்டதே. அந்த இடத்தில் வேறொரு பேரைக் கூப்பிட்டாள். கொப்பி அட்டையில் எழுதியிருந்த, அக்காவுடைய சொந்தப் பேர். எங்களில் யாரும் அவரை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அந்தப் பேரை நான் இதில் எழுதப்போவதில்லை. அதைக் கூப்பிட ஒருத்தி இருக்கிறாள். அதற்குப் பதில் சொல்லவும் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார்.

பனிமூட்டம் தேயிலைக்கு மேல் இறங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் சத்தம் போடாமல் நின்றார்கள். எஸ்தர் தலையைக் குனிந்து, வலது காதை மலைப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்த ஒரு வார்த்தை என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

பத்து வரை எண்ணுகிற நேரம் போனது. எஸ்தர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, கொப்பியை மூடினாள்.

"சரி, பணிஸ் எடுக்க வாங்க" என்றாள்.